ஒரே டேபிளில் இரண்டு பேர்

பாண்டிமுருகன் அண்ணாச்சி மேல் எனக்குக் கோபமே கிடையாது, ஐயா. டீ வந்தால் எனக்கும் ஒரு கிளாஸ் எடுத்து வைக்கிற மனிதர். தாயில்பட்டிப் பக்கம் எங்கள் பட்டாசு ஆலையில் வடக்கு வரிசை அறைகளுக்கு அவர் போர்மேன். தெற்குக்குப் பொன்னுத்தங்கம் அக்கா. நான் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுகிறவன்.

முந்தின நாள் கலந்த வெடிமருந்து மிச்சம் கிடக்கிற அறையைத் திறக்கக் கூடாது; ராத்திரியில் சூடேறி, தொட்டாலே வெடிக்கும். அந்த அறைகளின் பட்டியலைக் காலையில் என் புரோகிராம் அச்சடித்துத் தரும். போர்மேன் பட்டனை அமுக்கினால் கம்ப்யூட்டருக்குள் தற்காலிகமாக ஒரு டேபிள், அதாவது வரிக்கு ஒரு அறையாக ஒரு அட்டவணை, உருவாகும். கர்சர் என்று புரோகிராமில் ஒரு பகுதி, அதை வரிவரியாகப் படித்துத் தாளில் இறக்கும். ஆரம்பத்தில் டேபிள் இருவருக்கும் பொதுவாக இருந்தது. ஒருவருடையதைப் படித்து முடிப்பதற்குள் மற்றவர் அமுக்கினால் மீதி வரிகள் அழிந்துவிடும். அதைக் கண்டுபிடித்து ஆளுக்கொரு டேபிள் என்று மாற்றினேன். மீட்டிங்கில் சொன்னபோது அண்ணாச்சி சிரித்தார்.

"ஏலே, ஒன் பொட்டிக்குள்ள வரி அழிஞ்சா இங்கன மருந்து வெடிச்சிருமாக்கும்?"

முதலாளியும் சிரித்தார்.

பத்து நாள் பொறுத்தேன். பிறகு பழையபடி பொது டேபிளாக்கி, கர்சரின் வேகத்தையும் குறைத்து வைத்தேன். செவ்வாய்க்கிழமை வடக்கில் ஐந்து அறைகளில் மிச்சம் இருந்தது. அண்ணாச்சி அமுக்கியதைத் திரையில் பார்த்ததும் பொன்னுத்தங்கம் அக்காவுக்கு போன் போட்டு, பட்டியலை உடனே எடுக்கச் சொன்னேன். அண்ணாச்சியின் தாளில் மூன்று அறைகள்தான் விழுந்தன. விடுபட்ட இரண்டில் ஒன்று ஒன்பதாம் அறை.

அங்கே வேலைக்குப் போன நாலு பெண்களில் முத்துமாரி அக்கா என் ஜன்னலோரம் நின்று, "சாப்பிட்டீகளா தம்பி?" என்றார். ஆச்சு என்றேன். சொல்லியிருக்கலாம். சொன்னால் நிரூபணம் ஆகாது.

கூரை பறந்து வேலிக்கு அப்பால் விழுந்தது. முத்துமாரி அக்காவை மருதாணி வைத்த ஒரு கையை வைத்துத்தான் அடையாளம் கண்டார்கள். மற்ற மூவருக்கு அதுவும் இல்லை. இழுத்துப்போட உள்ளே ஓடிய அண்ணாச்சி கழுத்துக்குக் கீழே தோலே இல்லாமல் ஆஸ்பத்திரியில் கிடந்தார்.

"சீட்டுல ஒம்போது இல்லையே தம்பி. நா சரியாத்தான பாத்தேன்."

பக்கத்தில் உட்கார்ந்து, டேபிள், கர்சர் எல்லாவற்றையும் முதலிலிருந்து பொறுமையாக விளக்கினேன். புரிந்தது என்பதுபோல் கண்ணை மூடினார். சாயங்காலம் இறந்தார்.

ஐந்து பேரையும் கொன்றது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். ஆளுக்கொரு டேபிள் வேண்டும் என்று இப்போது முதலாளியே சொல்கிறார். அங்கே இன்னும் இருநூறு பேர் வேலை பார்க்கிறார்கள். அவர்களைக் காப்பாற்றியது யார் என்பதையும் கீழே ஒரு வரி சேர்த்துவிடுங்கள், ஐயா.