ஈரக் கையால் தாளைத் தொடுவதில்லை

ஒரு படத்தை மாட்டச் சொன்னால் எல்லோரும் ஆணி அடிக்க இடம் தேடுவார்கள். நான் முதலில் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பேன். ஈரம் ஏறிய சுவர் என்றால் மாட்டமாட்டேன். ஜங்ஷனில் படங்களுக்குக் கண்ணாடி போடும் கடையில் ஆறு வருடம் இருந்தவன். நான் அவசரக்காரன் இல்லை, இன்ஸ்பெக்டர் சார்.

சிந்துபூந்துறையில் கோமதிசங்கர் அண்ணாச்சி தனியாக இருந்தார். பக்கவாதத்தில் இடது கையும் காலும் விளங்காமல் போயிருந்தன. ஜெர்மனியிலிருந்து மகன் கணேஷ்ராம் ஓர் அச்சோவியம் அனுப்பியிருந்தார். அந்த ஊர் ஓவியர் ஒருவர் மரக்கட்டையில் செதுக்கி அச்செடுத்தது. கறுப்பும் சிவப்புமாக, வாய் பிளந்து நிற்கும் ஒரு மனிதன். உளி போன இடமெல்லாம் காயம் போலிருக்கும்.

மதிப்பிட என்னைக் கூப்பிட்டார்கள். லென்ஸ் வைத்துப் பார்த்தேன். தாளில் மடிப்பில்லை, பழுப்பில்லை. பென்சில் கையெழுத்து அசல். எல்லாம் எழுதினேன். விலையை மட்டும் எழுத முடியவில்லை. மொழிபெயர்ப்பு நாவல்களில் மட்டுமே நான் சந்தித்திருந்த மனிதன், படமாக எங்கள் ஊருக்கே வந்திருந்தான். படத்தையும் அப்பாவையும் பார்த்துக்கொள்ள கணேஷ்ராம் என்னையே சம்பளத்துக்கு வைத்தார்.

ஆயுத பூஜையன்று கண்ணாடியைக் கழற்றி, கட்டிலுக்குப் பக்கத்து மேஜையில் படத்தைக் காற்றாட வைத்துவிட்டுப் பூ வாங்கப் போனேன். திரும்பி வந்தால் ரேடியோவுக்கும் டார்ச் லைட்டுக்கும் வைத்ததுபோலவே படத்தின் நெற்றியிலும் சந்தனம், குங்குமம்.

“என்னலே முழிக்கே? பேய்க்குப் பொட்டு வச்சாத்தான் அடங்கும்” என்று அண்ணாச்சி சிரித்தார்.

மூன்று நாள் பஞ்சாலும் தூரிகையாலும் எடுத்தேன். மஞ்சள் கறை நின்றுவிட்டது. அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

தொண்ணூற்றிரண்டு நவம்பரில் ஆற்று வெள்ளம் தெருவுக்குள் ஏறிய காலையில், வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர்.

“ஏலே செந்திலு, என்னத் தூக்குலே. படத்தப் பொறவு பாக்கலாம்.”

நான் படத்தை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன்.

உடனே இறங்கியிருக்கலாம் என்கிறீர்கள். இறங்கியிருக்கலாம். தண்ணீர் அப்போதுதான் கட்டில் சட்டத்தைத் தொட்டிருந்தது. ஆனால் தூக்கிவந்ததில் படத்தின் சட்டத்துக்குள் ஈரம் புகுந்திருந்தது. உடனே பிரித்து ஈரம் உறிஞ்சும் ஒற்றுத்தாளுக்கு நடுவில் வைக்காவிட்டால் தாள் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். ஈரக் கையால் தாளைத் தொடக்கூடாது. அவரைத் தூக்கினால் கை மறுபடி நனையும். துடைத்தேன். உலரும்வரை காத்திருந்தேன். சட்டத்தின் பின்னால் நான்கு ஆணிகள். பைய ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன்.

கீழே, “தண்ணி நெஞ்சுக்கு வந்துட்டுலே” என்றார்.

“இந்தா வந்துட்டேன் அண்ணாச்சி.”

என்றும் லே போட்டே பேசியவர் அப்போது, “ஐயா, வாய்யா” என்றார். நான்காவது ஆணியைப் பிடுங்கும்போது கீழே சத்தமே இல்லை.

சாகவிட்டேன் என்று எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். செய்தது தவறு என்று எழுதினால் போடமாட்டேன்.

இன்று காலையில் கேட்டீர்கள்: “இதே மாதிரி முப்பது படம் அடிச்சிருக்காவளாம்லா. ஒண்ணு போனா இன்னொண்ணு வாங்கலாம். மனுசன வாங்க முடியுமாலே?”

முப்பது என்று எனக்கும் தெரியும் சார். மற்ற இருபத்தொன்பதுக்கும் யாராவது இருப்பார்கள். இதற்கு என்னை விட்டால் யாரும் இல்லை. அண்ணாச்சிக்கு மகன் இருந்தார், ஜெர்மனியில்.