வேணும்னேதான் விட்டேன்

இல்ல சார், திரும்பத் திரும்ப ஏன் அதையே கேக்குறீங்க? நான்தான் ஒத்துக்கிட்டேனே. காசு வாங்கிட்டுத் தோத்தேன். பூல் போட்டியோட அரையிறுதி ஆட்டத்துல, குழியில போட வேண்டிய கடைசிப் பந்தை வேணும்னேதான் விட்டேன். சங்கத்துலேர்ந்து விசாரணைக்கு ஆள் வந்தா அவனவன் அழுவான், வக்கீலைக் கூட்டிட்டு வருவான், பாத்ரூம்ல போய்க் கதவைச் சாத்திக்குவான். நான் சேரைத் தொடச்சுப் போட்டு, ஃபேனை உங்க பக்கம் திருப்பி வெச்சு, தப்பு என்னோடதுதான்னு சொல்றேன். இதுக்கு மேல ஒரு குத்தவாளி எப்படி சார் ஒத்துழைக்கிறது?

அந்த ரெக்கார்டு ஓடுதுல்ல? செகப்பு லைட்டு எரியுது, சரி. அப்ப தெளிவாச் சொல்றேன் கேளுங்க. போட்டி நடந்த ஊர்ல, ஹோட்டல்ல, லிஃப்ட்டுக்குள்ள ஒரு ஆளு வந்து நின்னான். நல்ல குண்டு. கையில மோதிரம். நாளைக்கு நீ தோக்கணும்னான். சரிங்கண்ணேன்னு சொன்னேன். அவ்வளவுதான் கதை.

லிஃப்ட் இல்லையா?

நல்லாத் தெரியுமா சார்? அந்த ஹோட்டலுக்கே போய்ப் பாத்தீங்களா! எதுக்கு சார் இவ்வளவு சிரமம், ஒரு போன் அடிச்சிருந்தா நானே சொல்லியிருப்பேனே. சரி, அப்ப படிக்கட்டு. ஆமா, படிக்கட்டுலதான் நின்னான். அவன் உடம்புக்கு அவனைப் படிக்கட்டுல நெனச்சுப் பாக்க முடியல, அதான் லிஃப்ட்டுன்னு வந்துருச்சு.

பேங்க்ல ஒண்ணும் ஏறலன்னா, கையில குடுத்தான் சார். கவர்ல போட்டு. எவ்வளவுன்னா... இருபதாயிரம். ஏன் சிரிக்கிறீங்க? கம்மியா? ஜெயிச்சு ஃபைனலுக்குப் போயிருந்தா அதைவிட அஞ்சாறு மடங்கு வந்திருக்குமா? அது சரி. அப்ப ரெண்டு லட்சம்னு வெச்சுக்கோங்க. எனக்கு இந்த ரேட்டெல்லாம் எப்படி சார் தெரியும், முதல் தடவைதானே விலை போறேன்.

ஏன் வாங்கினேன்னு கேளுங்க, அதுக்கு நான் நல்லாப் பதில் சொல்லுவேன். நீங்களும் ஒரு காலத்துல ஆடினவர், உங்களுக்குத் தெரியாததா. நுழைவுக் கட்டணம் நம்மளோடது. பஸ்ஸு நம்மளோடது. ரூமு நம்மளோடது. அதுவும் மறுநாள் யாரோட ஆடணுமோ அவனோடயே ஒரே ரூம்ல பாதி வாடகைக்குப் படுத்திருக்கேன். அவன் விட்ட குறட்டையில தூக்கம் போய், காலையில அவன்கிட்டயே தோத்தேன். கடைசியில ஆட்டோவுக்கு அவன்தான் காசு குடுத்தான், பாவம்.

முதல் ரெண்டு சுத்துல வெளிய வந்தா கிடைக்கிற பரிசு திரும்பி வர டிக்கெட்டுக்குப் பத்தாது. நாலாவது சுத்து வரைக்கும் போனாத்தான் முதலுக்கு மோசமில்ல. இதுல ஊர்ல பாக்குறவன், டி.வி.ல வர்றீங்க, வெளியூர் போறீங்க, உங்களுக்கென்னங்கிறான். டி.வி.ல வந்த அன்னிக்கு நான் மத்தியானம் சாப்பிட்டது ரெண்டு வாழைப்பழம்.

ஸ்பான்சர் இருக்காங்களேன்னா, இருந்தாங்க. ஒருத்தர் சாக்பீஸ் குடுத்தார். குச்சி நுனியில தேய்ப்போமே, அந்த நீலக் கட்டி. பணம் இல்ல, கட்டி மட்டும். பெட்டி பெட்டியா. அந்த பீரோ மேல பாருங்க, இன்னும் இருக்கு. எனக்கு அப்புறம் ரெண்டு தலைமுறை ஆடினாலும் தீராது. இன்னொருத்தர் மெத்தைக் கம்பெனிக்காரர். சட்டை முதுகுல நிம்மதியான தூக்கம்னு பெருசா எழுதிக் குடுத்தார். நான் டேபிள் மேல குனிஞ்சா போதும், மொத்த அரங்கமும் அதைத்தான் படிக்கும். எதிராளி வேற பின்னாடி உக்காந்து கொட்டாவி விடுவான். அவரும் போன வருஷம் நிறுத்திட்டார். வியாபாரம் படுத்துருச்சாம்.

ஆக, ஒரு மனுஷன் காசு வாங்குறதுக்கு இதைவிட என்ன சார் காரணம் வேணும்? எழுதுங்க. பணக்கஷ்டம். ஒரே வார்த்தை. கேஸ் முடிஞ்சுது, தடையைப் போடுங்க.

என்ன, அந்தப் பந்தா. இப்ப அது எதுக்கு? ஊரே பாத்துருச்சே. அந்த வீடியோ போன் போனா சுத்திச்சு, கீழ சிரிக்கிற பொம்மை போட்டு. எங்க மச்சான், அதான் என் வீட்டம்மாவோட தம்பி, அவன் ஆபீஸ்ல அதை மெதுவா ஓட்டி ஓட்டிப் பாத்தாங்களாம். மெதுவா ஓட்டினாலும் விழலையாம். அதை என்கிட்டயே வந்து சொல்றான்.

ஆளுக்கு எட்டு ஆட்டம் ஜெயிச்சு சமமா நிக்கிறோம். இந்த ஒண்ணைப் போட்டா ஃபைனல். கடைசிப் பந்து, அதான் ஒம்பதாம் நம்பர், மூலைக்குழி வாயில உக்காந்திருக்கு. விழலாமா வேணாமான்னு அதுவே யோசிச்சிட்டிருக்கு. வெள்ளைப் பந்து ஒரு முழ தூரத்துல, நேரா. ஊதினா விழுந்துரும். இந்த ஃபேனை அங்க கொண்டு போய் வெச்சிருந்தா அது போட்டிருக்கும் அந்தப் பந்தை. நான் குனிஞ்சேன், குச்சியைப் பின்னால இழுத்தேன், அடிச்சேன். வெள்ளை போய் மேஜை ஓரத்துல முட்டிட்டுத் திரும்பி வந்துருச்சு. ஒம்பதாம் நம்பரைத் தொடவே இல்ல. எதிர்ல ஆடினவன் எந்திரிக்கவே இல்ல சார், ரெஃப்ரி ரெண்டு தடவை கூப்பிட்டார். அவன் அதுக்குள்ள கைகுடுக்க சட்டையெல்லாம் சரி பண்ணிட்டிருந்தான்.

அதைத்தான் கேக்குறேன்னா? எதைக் கேக்குறீங்க? காசு வாங்கினவன் எவனும் அப்படி விடமாட்டான்னா... ஏன் விடமாட்டான், நான் விட்டேனே.

தெரியும். தெரியும் சார், நீங்க எனக்குப் பாடம் எடுக்காதீங்க. தோக்கணும்னு நெனைக்கிறவன் லேசான பந்தை விடவே மாட்டான். அதை அழகாப் போடுவான். போட்டுட்டு வெள்ளையை ஒரு ரெண்டு விரக்கடை கூடுதலா உருள விட்டுருவான். அடுத்த பந்து தன்னால கஷ்டமா வந்து நிக்கும். அதை விட்டா அய்யோ பாவம்னு கை தட்டுவாங்க. சாமியே வந்து உக்காந்து பாத்தாலும் கண்டுபிடிக்க முடியாது. அந்த மாதிரி நான் ஒரு ராத்திரியில நூறு தினுசாத் தோப்பேன். அது ஆட்டம் தெரிஞ்சவன் தோக்குறது. நான் விட்டது வெறும்...

சரி. வாஸ்தவம். அப்படி யாரும் விடமாட்டான்.

புகார் வந்துச்சேன்னா, ஆமா, வந்துச்சு. போன்லதானே? ஒரு மாதிரி கரகரன்னு பேசினானா? பேர் சொல்ல மாட்டேன்னுட்டானா? அது... அந்த ரெக்கார்டைக் கொஞ்சம் நிறுத்துங்க. நிறுத்துங்க சார், ஒரு நிமிஷம். அது நான்தான். வாயில துண்டைப் பொத்திக்கிட்டுப் பேசினேன். நடுவுல இருமல் வந்துருச்சு, கெட்டுப்போச்சுன்னு நெனச்சேன். உங்க ஆபீஸ் பொண்ணு பாவம், தண்ணி குடிங்க சார்னுச்சு.

பாக்காதீங்க அப்படி. பைத்தியமெல்லாம் இல்ல.

என்னை யாரும் விலைக்கு வாங்கல சார். இத்தனை வருஷத்துல ஒருத்தன் கூட வந்து கேக்கல, அது தெரியுமா? பக்கத்து ரூம்காரனுக்கு ராத்திரியில போன் வரும், அவன் மாடியில போய்ப் பேசிட்டு வருவான். எனக்கு வந்த போனெல்லாம் கிரெடிட் கார்டு வேணுமான்னு. அதுவும் விவரம் கேட்டுட்டு அவங்களே வேணாம்னுட்டாங்க. வந்திருந்தா வேணாம்னு சொல்லிப் பெருமைப்பட்டிருக்கலாம். அந்தக் கொடுப்பினையும் இல்ல.

இந்தக் கைதான் சார். வலது முழங்கை. ஒரு வருஷம் ஆச்சு. குச்சியைப் பின்னால இழுத்து முன்னால விடுற நேரத்துல, யாரோ வெடுக்குன்னு ஒரு இழு இழுக்குறாங்க. எப்பவும் இல்ல. கஷ்டமான பந்துக்கு ஒண்ணும் பண்ணாது, மேஜையோட மூணு ஓரத்துல முட்டித் திரும்பி வர்றதையெல்லாம் கண்ணை மூடிட்டுப் போடுது. நேரா, லேசா, விழாம போக வழியே இல்லன்னு ஒரு பந்து இருக்கு பாருங்க, அதைப் பாத்தா பயந்துருது. கோழைக் கை. டாக்டர் படமெல்லாம் எடுத்துப் பாத்துட்டு, கையில ஒண்ணும் இல்லங்கன்னார். வேற எங்க சார் இருக்குன்னேன். ஃபீஸை வெளிய கட்டிருங்கன்னார்.

நீங்க ஆடினப்போ பாத்திருப்பீங்க, இது வந்தவன் எவனும் திரும்ப வந்ததில்ல.

விட்டுர வேண்டியதுதானே, ஓய்வுன்னு அறிவிச்சுர வேண்டியதுதானேன்னு கேப்பீங்க. எத்தனை தடவை வாயெடுத்திருக்கேன் தெரியுமா. வீட்டம்மா விடமாட்டா. அவளுக்கு ஆட்டம் சுத்தமாத் தெரியாது சார். வெள்ளைப் பந்து குழியில விழுந்தா தப்புன்னு கல்யாணம் ஆனதுலேர்ந்து சொல்லிட்டிருக்கேன், இன்னமும் அது விழுந்தா கை தட்டுறா. அரங்கத்துல அவ ஒருத்திதான் தட்டுவா. எல்லாரும் திரும்பிப் பாப்பாங்க. ஆனா நான்தான் பெரிய ஆட்டக்காரன்னு அவளுக்கு எவனும் சொல்லித்தர வேண்டியதில்ல. ரத்தப் பரிசோதனை பண்ற இடத்துல வேலை. விடியறதுக்கு முன்னாடி போயிருவா. மேல்பதவி குடுத்து வேற ஊருக்குப் போகச் சொன்னாங்க, இவருக்கு ஆடுற கிளப்பு இங்கதான் இருக்குன்னு வேணாம்னுட்டா. என்கிட்ட கேக்கவே இல்ல. ஒரு மாசம் கழிச்சு மச்சான் சொல்லித்தான் எனக்கே தெரியும்.

அந்த அரையிறுதி முடிஞ்சு தலையைத் தொங்கப் போட்டுட்டு வந்து நிக்கிறேன். ஊரே சிரிக்குது. இவ என்ன பண்ணா தெரியுமா? உங்களுக்கு அலைச்சல்தான் எமன், பஸ்ல போயிட்டு எப்படி ஆடுவீங்க, அடுத்த வருஷம் முழுக்க விமானத்துல போங்க, தனி ரூம் போடுங்க, நல்ல பயிற்சியாளரா வெச்சுக்கோங்கன்னுட்டா. டெபாசிட்ல அவ சேத்து வெச்சிருக்கா சார், இத்தனை வருஷமா. அது மொத்தத்தையும். வேணாம்டின்னேன். உங்களுக்கு நம்பிக்கை இல்லாம இருக்கலாம், எனக்கு இருக்குங்கிறா. நாளைக்குக் காலையில பேங்குக்குப் போறா. லீவு போட்டுட்டா.

கையைப் பத்தி எப்படி சார் சொல்றது? சொன்னா திட்டமாட்டா. அழவும் மாட்டா. சும்மா உக்காந்துட்டு, எப்பலேர்ந்துங்கன்னு ஒரே ஒரு கேள்வி கேப்பா. ஒரு வருஷம் அவ காசுல ஊர் ஊராப் போயி நடிச்சிட்டு வந்திருக்கேன். அதுக்கு முன்னாடியும் நான் என்னத்தக் கிழிச்சேன்னு அன்னிக்குத்தான் அவளுக்குத் தோணும். தப்பு பண்ண புருஷனை நாலு நாள் பேசாம இருந்து மன்னிச்சிரலாம். தன் வாழ்க்கையையே ஒரு சொத்தை ஆளு மேல போட்டுட்டோம்னு தெரிஞ்சா அவ யாரை சார் மன்னிக்கிறது? என்னால அதைப் பாக்க முடியாது. திருடன்னு சொல்லட்டும், தாங்கிக்குவேன். காசு வாங்காம இருந்திருந்தா ஜெயிச்சிருப்பாருன்னு அவ நெனச்சுக்கட்டும். அதையாவது அவளுக்கு மிச்சம் வெக்கணும்.

தடை போட்டீங்கன்னா நான் ஆட முடியாது. ஆட முடியாதுன்னா அவ பணம் தப்பிக்கும். இவ்வளவுதான் சார் சமாச்சாரம், இதுக்குப் போய் லிஃப்ட்டு, மோதிரம்னு கஷ்டப்பட்டுட்டேன். ஆதாரம் இல்லன்னு கேஸை மூடிட்டுப் போயிராதீங்க. மூணு வருஷம் போடுங்க. அஞ்சு கூடப் போடுங்க, நான் மேல்முறையீடெல்லாம் பண்ண மாட்டேன்.

வாசல் கேட் சத்தம். அவதான். ரெக்கார்டைப் போடுங்க, முகத்தைக் கொஞ்சம் கடுமையா வெச்சுக்கோங்க. நீங்களே சொல்லிருங்க சார், உங்க வீட்டுக்காரர் காசு வாங்கிட்டாரும்மான்னு. நான் சொன்னா முகத்துலயே கண்டுபிடிச்சிருவா. அந்தக் காசு எங்கன்னு கேப்பா, கண்டிப்பாக் கேப்பா. செலவு பண்ணிட்டார்னு சொல்லுங்க. அதை மட்டும் உடனே நம்பிருவா.