அனுமதி சோஃபா

அநியாயம் நடந்தது சுருட்டைக்கு மேடம், சோஃபாவுக்கு இல்ல. வந்ததுலேர்ந்து சோஃபாவ யார் கிழிச்சா, ஏன் கிழிச்சான்னே கேக்கறீங்க. நான்தான் கிழிச்சேன். கத்திரிக்கோலும் என்னோடதுதான். விசாரணைன்னு வந்திருக்கீங்க, தாராளமா எழுதிக்கோங்க. ஆனா அதுக்கு மேல ஒரு வரி எழுதுங்க. என் ரூம்மேட் சுருட்டையோட மெத்தைய வராண்டா முழுக்கத் தரதரன்னு இழுத்துட்டுப் போய் முற்றத்துல போட்டு, அவளையும் பக்கத்துல நிக்க வச்சு, ஹாஸ்டல் பொண்ணுங்க அத்தனை பேர் முன்னாடியும், இவதான் மூட்டைப்பூச்சி கொண்டு வந்தவன்னு வார்டன் சொன்னாங்கல்ல? அத எழுதுங்க முதல்ல.

இல்ல மேடம், பரவால்ல, நான் நின்னுக்கறேன். மரியாதைக்காகன்னு நெனச்சுக்காதீங்க. காரணம் அப்புறம் சொல்றேன்.

சுருட்டையோட அப்பா பழைய கட்டில், பீரோ வாங்கி விக்கறவர். வார்டனுக்கு அது ஒண்ணு போதும். பழைய சாமான் விக்கற வீடு, அப்போ பூச்சி அங்கேர்ந்துதான் வந்திருக்கும். எவ்வளவு சுலபமான தீர்ப்பு பாருங்க! குப்பையக் கிளறித் திங்க அது என்ன எலியா மேடம்? அதுக்கு வேணுங்கறது ரத்தம். உங்களுது, என்னோடது, வார்டனோடது, எதுவா இருந்தாலும் சரி. அந்த விஷயத்துல மனுஷங்கள விட அது நியாயமானது.

என்னது, இந்தக் காலத்துல மூட்டைப்பூச்சியா? எங்கம்மாவும் இதேதான் கேட்டாங்க. அவங்க சின்ன வயசுலயே மருந்தடிச்சு ஒழிச்சுட்டாங்களாம். எங்க ஒழிஞ்சுது? அந்த மருந்துக்குச் சாகாம தப்பிச்சதோட வாரிசுங்கதான் இப்ப ஊரெல்லாம் திரியுது. அதே மருந்துல குளிப்பாட்டினாலும் துடைச்சிட்டுப் போயிட்டே இருக்கும். போதாக்குறைக்கு நாமதான் பெட்டி பெட்டியா தூக்கிட்டு ஊர் ஊரா அலையறோமே, அதுக்கு டிக்கெட் இல்லாத பயணம். பெரிய ஹோட்டல் மெத்தையிலயும் இருக்கு, சினிமா தியேட்டர் சீட்லயும் இருக்கு.

சரி, விஷயத்துக்கு வர்றேன். வெளிய போகணும்னா வார்டன் கையெழுத்து வேணும். கையெழுத்து கெடைக்கிற வரைக்கும் இந்த ரூம்ல சோஃபாவுல உக்காந்திருக்கணும். எந்திரிச்சா அன்னிக்கு அனுமதி கெடையாது. அது இங்க சட்டம். நாங்க அதுக்கு அனுமதி சோஃபான்னு பேர் வச்சிருக்கோம். சுருட்டையோட அம்மாவுக்கு உடம்பு முடியல, அதனால வாராவாரம் வீட்டுக்குப் போயி சமைச்சு, துவைச்சுப் போட்டுட்டு வருவா. என்ன உங்கம்மா வாராவாரம் படுத்துக்கறாங்களான்னு நக்கலாக் கேட்டுட்டு, வார்டன் அவளுக்கு மட்டும் எல்லாருக்கும் கடைசியாத்தான் கையெழுத்து போடுவாங்க. அவ பாட்டுக்கு உக்காந்திருப்பா. எதுத்துப் பேசத் தெரியாத ஜென்மம். அந்த வேலையெல்லாம் எங்கிட்ட விட்டுடுவா.

அப்புறம் கடி ஆரம்பிச்சுது. யார் யாருக்கு? வெளிய போயிட்டு வர்ற பொண்ணுங்களுக்கு மட்டும். ரூம விட்டே நகராத எங்க புத்தகப்புழுவுக்கு ஒரு தடிப்புகூட இல்ல. உடனே வார்டன், பாத்தீங்களா, ஊர் சுத்தறவளுங்கதான் ஒட்டிக்கிட்டு வர்றாளுங்கன்னாங்க. அதுலயும் ரொம்பக் கடி வாங்கினவ சுருட்டை. முடிஞ்சுது கதை.

எனக்கு அப்பவே இடிச்சுது மேடம். கட்டில்ல கடிச்சா கழுத்துல, கையில, முகத்துல கடிக்கும். தூங்கறப்போ வெளிய தெரியற இடம் அதான? இவங்களுக்கெல்லாம் முழங்காலுக்குப் பின்னாடி வரிசையாத் தடிப்பு. ஒருத்தி விடாம. நான் சாப்பாட்டு ஹால்ல போய் வெக்கத்த விட்டு, காலக் காட்டுங்கடின்னு கேட்டுப் பாத்தேன். படுத்தா முழங்காலுக்குப் பின்னாடி எதுக்கு மேடம் கடிக்குது? உக்காந்தாத்தான் கடிக்கும்! வெளிய போறவங்க எல்லாரும் எங்க உக்காருவாங்க? ரொம்ப நேரம் யார் உக்காருவா?

சுருட்டையோட மெத்தைய நானே தையல் தையலாப் பிரிச்சுப் பாத்திருந்தேன், டார்ச் அடிச்சு. பேனா முனையால குத்தின மாதிரி கறுப்புப் புள்ளி இருக்கணும். அது என்னன்னு தெரியுமா? நம்ம ரத்தத்தக் குடிச்சிட்டு அது வெளிய விட்டது. ஈரத் துணியால தொட்டா மை மாதிரி இழுவும். அவ மெத்தையில ஒரு புள்ளிகூட இல்ல. சோஃபாவுலேர்ந்து அவ துணிமணியில ஒட்டிக்கிட்டு ரெண்டொண்ணு மெத்தைக்கு வந்திருக்கும், அவ்வளவுதான். அந்த மெத்தைய வார்டன் வராண்டாவுல இழுத்தாங்க பாருங்க, போற வழியெல்லாம் உதிர்ந்து இப்ப எல்லா ரூமுக்கும் விருந்தாளி.

பூச்சி சோஃபாவுலதான்னு வார்டன்கிட்ட சொன்னேன். காட்டுன்னாங்க. காட்டினேன். கவுத்துப் போட்டு, அடித்துணியக் கத்திரிக்கோலால ஒரே கிழி. ஐயோ மேடம்... முதல்ல வாடை. அழுகின பழமும் நனைஞ்ச சாக்கும் சேந்த மாதிரி, ஒரு இனிப்பு நாத்தம். அப்புறம் மரச்சட்டத்தோட இடுக்குல, ஆணி ஓட்டையில, அப்பிக்கிட்டு... உப்பிப் போய், சிவப்பா, ஒண்ணு மேல ஒண்ணு. உரிச்சுப் போட்ட தோல் சருகு மாதிரி கொட்டுது. வெள்ளையா முட்டை. வெளிச்சம் பட்டதும் அந்த மொத்தக் கூட்டமும் நகர்ந்துது பாருங்க! இப்ப சொல்றப்பவே முதுகு ஊருது.

ஆமா, வார்டன் உங்ககிட்டயும் அதான் சொன்னாங்களா? சுருட்டை உக்காந்து உக்காந்து சோஃபாவுக்கு ஒட்ட வச்சுட்டான்னு? சரி, வாதத்துக்கு வச்சுக்குவோம். அந்த சோஃபா வார்டனோட அக்கா வீட்டுலேர்ந்து லீவுல வந்துது. அப்ப ஹாஸ்டல்ல ஒரு பொண்ணுகூட இல்ல. சமையல்காரக்கா மட்டும் மத்தியானத்துல அதுல சாஞ்சு டிவி பாப்பாங்க. அவங்களுக்குக் கால் பூரா தடிச்சிப் போச்சு. வேர்க்குரு, பவுடர் போடுன்னு சொல்லி அனுப்பினது யாரு? இதே வார்டன். வெளியதான் நிக்கறாங்க அக்கா, கூப்பிட்டுக் கேளுங்க. பயப்படுவாங்க, ஆனா பொய் சொல்ல மாட்டாங்க.

சுருட்டை ஊருக்குப் போயிட்டா மேடம். பரீட்சை எழுத வரலங்கறா. ஃபோன்ல கெஞ்சிப் பாத்துட்டேன். நான் வந்தா எம்பக்கத்துல எவடி உக்காருவாங்கறா. அந்தக் கேள்விக்குப் பதில் வார்டன்கிட்டதான் இருக்கு. அதே முற்றம், அதே பொண்ணுங்க முன்னாடி, இவ கொண்டு வரல, நான் கொண்டு வந்தேன்னு அவங்க வாயால சொல்லணும். சோஃபா கிழிச்சதுக்கு எனக்கு என்ன தண்டனை வேணா குடுங்க.

தூக்கிப் போட்டாச்சுன்னா சொன்னாங்க? எங்க தூக்கிப் போட்டாங்க? அடியில தைச்சு, கடையில வித்த ஏதோ ஸ்ப்ரேய அடிச்சாங்க. ஸ்ப்ரேக்கு அது சாகாது, உள்ள இடுக்குக்கு ஓடும், அவ்வளவுதான். மேல புதுசா நீல உறை போட்டு, வாசனைத் தண்ணி தெளிச்சு, நீங்க வர்றீங்கன்னு பளிச்சுன்னு ரெடி பண்ணிட்டாங்க. உங்க வலது கைப் பக்கம் தையல் ஓரத்துல பாருங்க, கறுப்பாப் புள்ளி. நான் உக்காராததுக்குக் காரணம் அப்புறம் சொல்றேன்னேன்ல? அதான்.

உதறாதீங்க மேடம்! உதறினா ரூம் முழுக்கப் பரவும். மெதுவா எந்திரிங்க. வீட்டுக்குப் போனதும் வாசல்லயே துணிய மாத்தி, ஒரு பையில போட்டு இறுக்கிக் கட்டி, நேராக் கொதிக்கற தண்ணியில போடுங்க. சூட்டுக்குத்தான் அது சாகும். உங்க கைப்பையோட தையலையும் டார்ச் அடிச்சுப் பாருங்க.

ஏன் வந்ததுமே சொல்லலயா? சொல்லியிருந்தா நீங்க உடனே எந்திரிச்சிருப்பீங்க மேடம். சுருட்டையால எந்திரிக்க முடியலயே.