இரண்டு இருக்கைகளுக்கு நடுவே

அந்த இருக்கை மிகவும் வசதியானது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். காலை எவ்வளவு நீட்டினாலும் எதிலும் இடிக்காது. ஒரு பொத்தானை அழுத்தினால் இருக்கை படுக்கையாகிவிடும். மெத்தை விரிக்க ஆள் வருகிறார்கள். முப்பத்தொரு வருடம் அவசர சிகிச்சைப் பிரிவில் நர்ஸாக நின்றே வேலை பார்த்தவளுக்கு, பறக்கும்போது படுக்கலாம் என்பதே புதிது. பதினான்கு மணி நேரப் பயணம். பகல் சாப்பாடு முடிந்ததும் ஜன்னல்களை மூடிவிட்டார்கள். வெளியே நல்ல வெயில்.

அண்ணனைப் பற்றிக் கேட்டீர்கள். அவர் லிஃப்ட் போடுகிறவர். சின்னப் பட்டறையில் தொடங்கினார். இன்று எத்தனையோ ஆஸ்பத்திரிகளிலும் ஓட்டல்களிலும் அவர் போட்ட லிஃப்ட் ஓடுகிறது. மூடும் கதவில் யார் கை பட்டாலும் கதவு நின்றுவிட வேண்டும், அதுதான் இந்தத் தொழிலின் முதல் பாடம் என்பார். வீட்டுக்கு வருகிறவர்களிடம் கையை நீட்டிக் காட்டியே சொல்வார். நல்ல மனிதர் என்று எல்லோரும் சொல்வார்கள். நான் மறுத்ததில்லை.

அம்மா ஏழு வருடம் படுக்கையில் கிடந்தார். வேலைக்கும் போய்க்கொண்டு நான்தான் பார்த்துக்கொண்டேன். மிச்சமிருந்த என் கல்யாணப் பேச்சும் அந்த ஏழு வருடத்தில் தானாக நின்றுபோனது. அண்ணன் ஞாயிறுதோறும் போன் செய்வார்.

“நீ இருக்கறதாலதான் நான் நிம்மதியா இருக்கேன். எல்லாம் முடியட்டும். உன்னை உலகம் பூரா சுத்திக் காட்டறேன் பாரு.”

எது முடிய வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஒரு அட்லஸ் வாங்கி வைத்திருந்தேன். முதுகில் புண் வராமலிருக்க இரவெல்லாம் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அம்மாவைத் திருப்பிப் படுக்க வைப்பேன். நடுவில் அட்லஸைப் பார்ப்பேன்.

அம்மா போன பிறகு நான்கு வருடம் உலகத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. பிறகு அண்ணனுக்கு இதயத்தில் அடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். இனி வெளியூர் போனால் கூடவே ஒரு நர்ஸ் இருப்பது நல்லது என்றார் மருத்துவர். அடுத்த வாரமே அண்ணனுக்குத் தன் வாக்கு ஞாபகம் வந்துவிட்டது.

ஆறு நாடுகள், ஏழு விமானங்கள். அவருக்கும் அண்ணிக்கும் முதல் வகுப்பு. எனக்கு நாற்பத்தேழாம் வரிசை, கழிப்பறைக்குப் பக்கத்தில்.

“உனக்கென்ன, நின்னுக்கிட்டே தூங்கற ஆளு நீ,” என்றார் அண்ணன். அண்ணி சிரித்தார். நானும் சிரித்தேன்.

ஒவ்வொரு பயணத்திலும் இரண்டு முறை ஒரு பணிப்பெண் வந்து என்னைத் திரைக்கு அந்தப் பக்கம் அழைத்துப் போவாள். கம்பளத்தில் மண்டியிட்டு அண்ணனுக்கு ரத்த அழுத்தம் பார்ப்பேன், மாத்திரை கொடுப்பேன். ஒருமுறை பக்கத்து இருக்கைக்காரர் நான் யார் என்று கேட்டார். “எங்க நர்ஸ்,” என்றார் அண்ணன். அது பொய் இல்லை. திரும்பும்போது அண்ணி ஒரு ஜோடி காலுறையை என் கையில் திணித்தார்.

“வச்சுக்கோ. பின்னாடி இதெல்லாம் தர மாட்டாங்கல்ல.”

போட்டுக்கொண்டேன். கதகதப்பாகத்தான் இருந்தது. எனக்குக் கோபம் வரவில்லை. என் வேலையில் கோபப்பட்டால் கை நடுங்கும், ஊசி நரம்பில் இறங்காது. அதனால் அந்தப் பழக்கத்தையே விட்டுவிட்டேன்.

ஐந்தாவது ஊரில் அண்ணன் மகளின் வீடு. அண்ணி அங்கேயே தங்கிவிட்டார். அடுத்த விமானத்துக்குக் காத்திருக்கும்போது அண்ணன் சொன்னார்:

“அவ எடம் சும்மா காலியாத்தானே போகுது. உன்னை முன்னாடி மாத்தச் சொல்லிட்டேன். வந்து உக்காரு.”

நன்றி சொன்னேன். கெட்டுப்போவதற்குள் சாப்பிட்டுவிடு என்று வேலைக்காரிக்கு எடுத்து வைக்கும் மீதிச் சாப்பாட்டை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதற்கும் நன்றி சொல்லத்தான் வேண்டும்.

இரண்டு இருக்கைகளுக்கும் நடுவே ஒரு தடுப்பு உண்டு. பொத்தானை அழுத்தினால் லேசான முனகலோடு மேலே ஏறும். அண்ணன் அதை மூன்று முறை ஏற்றி இறக்கினார். “மோட்டாரு நல்லாத்தான் போட்டிருக்கான்,” என்றார். பிறகு, தூங்குவதற்கு விமானத்தில் கொடுத்த உடையைப் போட்டுக்கொண்டார். அவருடைய சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்ன மாத்திரை டப்பி இருக்கும், நெஞ்சு வலித்தால் நாக்குக்கு அடியில் வைத்துக்கொள்ள. சட்டையை மடிக்கும்போது அதை எடுத்து என் கைப்பையில் போட்டுக்கொண்டேன். அப்போது என் மனதில் எந்த எண்ணமும் இல்லை. இதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

தரையிறங்க நான்கு மணி நேரம் இருக்கும்போது தடுப்பின் மேல் அவர் கை தெரிந்தது. தடுப்பு பாதி உயரத்தில் இருந்தது. அவர் முகம் வெளிறி வேர்த்திருந்தது. அந்த முகநிறத்தை நான் வேலையில் ஆயிரம் முறை பார்த்திருக்கிறேன்.

“பாப்பா, நெஞ்சு... மாத்திரை.”

சின்ன வயதில் என்னைக் கூப்பிட்ட பெயர். இந்தப் பயணத்தில் அன்றுதான் முதல் முறை.

பொத்தானை அழுத்தினேன். தடுப்பு ஏறியது, அவர் கையில் பட்டதும் நின்றது. விமானம் கட்டியவர்களும் அந்த முதல் பாடத்தைப் படித்திருக்கிறார்கள். காத்திருந்தேன். கை வழுக்கிக் கீழே போனது. மறுபடி அழுத்தினேன். இந்த முறை முழுவதும் ஏறியது.

அவர் அழைப்பு மணியை இரண்டு முறை அடித்தார். தலைமைப் பணிப்பெண் குறித்து வைத்த நேரங்கள் உங்கள் மேசையில் இருக்கின்றன, சரியானவைதான். நான் எழுந்து போய் அவளை நடைபாதையிலேயே நிறுத்தினேன்.

“லேசா வாயுத் தொல்லை. மாத்திரை குடுத்துட்டேன். தூங்கட்டும், யாரும் எழுப்பாதீங்க.”

“நீங்க நர்ஸா இருக்கறது எங்களுக்கு எவ்வளவு தெம்பு தெரியுமாக்கா,” என்றாள். அவர் இருக்கைக்கு மேல், தொந்தரவு செய்ய வேண்டாம் என்ற விளக்கைப் போட்டுவிட்டுப் போனாள்.

நான் படுத்துத் தூங்கினேன். ஒன்றரை மணி நேரம். இத்தனை வருடத்தில் அப்படித் தூங்கியதில்லை. தேநீர் கொண்டுவந்தபோதுதான் அவரை எழுப்பப் பார்த்தார்கள். பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். பின்னாலிருந்து ஒரு பல் மருத்துவர் ஓடி வந்தார். பாவம், அவருக்குக் கை ஓடவில்லை. நான்தான் தரையில் மண்டியிட்டு அண்ணனின் மார்பை அழுத்தினேன், எண்ணிக்கை தவறாமல், இருபது நிமிடம். உடம்பு ஆறிப்போயிருந்தது எனக்குத் தெரியும். பணிப்பெண் அழுதுகொண்டே என் தோளில் ஒரு கம்பளியைப் போர்த்தினாள்.

உங்கள் தாளில் காரணம் என்ற இடத்தில் ‘கோபம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அதை அடித்துவிடுங்கள். கோபக்காரிகள் கத்துவார்கள், தட்டை வீசுவார்கள். என்னைத் தங்கையாக நினைக்காத ஒருவருக்கு நர்ஸாகவும் இருக்க மறுத்தேன். அவ்வளவுதான். என் இடத்தில் யாராக இருந்தாலும் மறுத்திருப்பார்கள்.

மீதி இருப்பது அந்தத் தலைமைப் பணிப்பெண் என்னிடம் சொன்ன செய்தி. ஆமாம், சொன்னாள். அவள் வார்த்தையிலேயே சொல்கிறேன்.

“உங்கண்ணன் விமானத்துல ஏறும்போதே எங்ககிட்ட சொல்லிட்டாருக்கா. பக்கத்துல இருக்கறது என் தங்கச்சி, காலம்பூரா அடுத்தவங்களுக்காகவே கண்ணு முழிச்சவ. முதல்லயே இங்க உக்கார வச்சிருக்கணும், தப்புப் பண்ணிட்டேன். இன்னைக்கு அவ நல்லாத் தூங்கணும், எனக்காகக்கூட அவளை எழுப்பாதீங்கன்னாரு.”

அவள் இதைச் சொன்னது தடுப்பை ஏற்றுவதற்கு முன்பா, பின்பா என்று காலையிலிருந்து மூன்று முறை கேட்டுவிட்டீர்கள்.

முன்புதான். என்னிடம் ஒரு தடவைகூடச் சொல்லாததை அவளிடம் சொல்லியிருக்கிறார். அதைக் கேட்டபோதுதான் எனக்குக் கோபம் வந்தது.