இருபது வருசத் தண்ணி

உக்காரு தம்பி. நின்னுக்கிட்டே இருந்தா மட்டும் நான் முத்திரை போட்டுருவேனா? காகிதத்தை மடிச்சு வச்சுட்டு இந்த பார்லித் தண்ணியக் குடி.

தெரியுது, தெரியுது. நாளைக்குக் காலையில பம்ப் வரும், நீச்சல் குளத்துத் தண்ணிய வடிப்பீங்க, அப்புறம் இடிப்பீங்க. நான் இந்தக் காவல் ரூமைக் காலி பண்றேன்னு, கையெழுத்துக்குப் பதிலா என் பேரு வெட்டின முத்திரையப் போடணும். மூணாவது தடவையா சொல்றே. எனக்குப் படிப்புதான் இல்ல, காது நல்லாவே கேக்கும்.

எதுக்கு வடிக்கிறீங்க? தண்ணி மேலயே மண்ணைக் கொட்டி மூடிடுங்களேன். ரூல்ல எடமில்லையா? சரிதான்.

இந்தக் குளம் எப்படி வந்துச்சுன்னு தெரியுமா? ஆத்துல ரெண்டு புள்ளைங்க போயிருச்சு. இனிமே ஒண்ணும் போகக்கூடாதுன்னு ஊரே சேந்து கட்டுச்சு. எனக்கு அப்ப இருபத்திரண்டு. தொகாஷி, நீதான் பாத்துக்கணும்னு விசிலை என் கழுத்துல மாட்டினாங்க. மணிக்கு ஒருதரம் விசில் ஊதணும். எல்லாரும் கரையேறிப் பத்து நிமிசம் உக்காரணும். நான் நாலு பக்கமும் சுத்தி வந்து அடித்தரையப் பாக்கணும். முப்பத்திரண்டு வருசம், ஒரு மணிகூடத் தப்பல.

மணி என்ன ஆச்சு? பத்தா? இரு, வர்றேன்.

ம். வந்துட்டேன். சும்மா ஒரு சுத்து. ஆமா, பாசிதான், அடி தெரியாதுதான். தெரியலன்னா பாக்கக் கூடாதா?

என்ன கேட்டே? மூடுனதுக்குக் காரணமா? இவாசாதான். உங்க நகராட்சி ஆபீஸ்ல விளையாட்டுப் பிரிவுல இருந்தானே, தலைய எண்ணெய் வச்சு வழிச்சு வாரிக்கிட்டு, அவன். குளத்துக்கு தினம் ஒரு தாள் உண்டு. தண்ணி சரி, மருந்து சரி, வடிகால் மூடி சரின்னு அச்சடிச்சிருக்கும். கீழ என் முத்திரை. தினம் எதுக்குய்யா மேடேறி வர்றே, முத்திரைய என் டிராயர்ல வச்சுட்டுப் போ, நானே போட்டுக்கிறேன்னான். அப்ப எல்லா ஆபீஸ்லயும் அப்படித்தான். லீவுல போறவன் முத்திரையக்கூடப் பக்கத்து சீட்டுக்காரன் போடுவான். சிரிக்காதே, இப்பவும் நடக்குமே.

வடிகால் மூடி ஒரு பக்கம் போல்ட் போயிருந்துச்சு. நான் கம்பியால கட்டி வச்சிருந்தேன். இவாசாகிட்ட வாயால ரெண்டு தடவை சொன்னேன். எழுதிக் குடுன்னான். எனக்கு எழுத வராதுன்னு தெரிஞ்சே சொன்னான்.

அன்னைக்கு மூணு மணிக்கு விசில் ஊதினேன். எல்லாரும் ஏறிட்டாங்க. கரையில ஒரு மஞ்சத் துண்டு மட்டும் ஆளில்லாம கெடந்துச்சு. நூடுல்ஸ் கடைக்காரர் மக மிஹோ. ரெண்டாங் கிளாஸ். மூடி நகந்து கால் உள்ள மாட்டிக்கிச்சு. நாலு பேரு இழுத்தும் வரல. தண்ணிய இழுக்கிற மோட்டாரை நிறுத்தின பிறகுதான் வந்துச்சு.

போலீஸ் தாளை எடுத்துப் பாத்தாங்க. அன்னைக்குத் தேதியில மூடி சரின்னு என் முத்திரை. எனக்கென்ன தெரியும், முத்திரை இவாசா டிராயர்ல இருக்குன்னேன். ஆபீஸே ஆமான்னு சொல்லிச்சு. டிராயரைத் தொறந்தா முத்திரை இல்ல. திருட்டுப் பய, ஒளிச்சுட்டான்னு ஊரே துப்புச்சு. நானும் துப்பினேன். அவன் சொன்னதை யாரும் நம்பல. அவனுக்கு வேலை போச்சு, பொண்டாட்டி போனா, வடக்க தங்கச்சி வீட்டுல போய் ஒண்டினான். போன மாசம் செத்துட்டானாமே. உனக்கும் தெரியுமா?

இல்ல, கோவம் போகல. நான் சொல்லிச்சொல்லியே இருபது வருசம் ஓட்டிட்டேன். எவன் வந்தாலும் இதே கதைதான்.

நான் ஏன் இன்னும் இங்கயே இருக்கேனா? குளத்தை மூடினதும் தீயணைப்புக்காரங்க, எங்கயாவது நெருப்புப் புடிச்சா ஆகும்னு தண்ணிய நெரப்பி வச்சாங்க. ஒரு ஆளு காவல் வேணும்னாங்க. நான்தான் நின்னேன். என் வீட்டுக்காரி மக வீட்டுக்கு வந்துருன்னு கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்துப் போய் அவ மட்டும் போனா. கேட்டு தொறந்துதான் கெடக்கு. பஸ் ஸ்டாப்பு வரைக்கும் போவேன். மணியாகும், திரும்பிருவேன்.

முத்திரை இல்லன்னா கடையில வாங்கிக்கலாமா? அதுவும் நல்ல யோசனைதான். வேணாம் தம்பி, என்னுதே இருக்கு.

விபத்துக்கு மொத நாள் போஸ்ட் ஆபீஸ்ல ஒரு பார்சல் வாங்கணும்னு டிராயர்லேருந்து எடுத்துட்டு வந்தேன். திருப்பி வைக்கல. மறுநாள் காலையில, டிராயர்ல முத்திரை இல்லன்னு தாள் என்கிட்டயே வந்துச்சு. உள்ள எறங்கி மூடியப் பாக்கணும், தண்ணி சில்லுன்னு இருந்துச்சு. பாக்காமயே முத்திரையப் போட்டுட்டேன். அப்புறம் அதை அரிசி டப்பாவுல வச்சிருந்தேன். கடல்ல வீசலாம்னு போனேன், கை வரல. அந்தப் புள்ள கெடந்த எடத்துலதான் போடணும்னு தோணுச்சு. தண்ணி நெரப்பின அன்னைக்குப் போட்டேன்.

நாளைக்கு வடிச்சதும் வடிகால் பக்கத்துல சேத்தைக் கிளறிப் பாரு. விரல் நீளம், எலும்புல செஞ்சது, என் பேரு வெட்டியிருக்கும். கழுவிட்டு நீயே அந்தக் காகிதத்துல போட்டுக்க. எனக்காக ஆபீஸ்ல யாராவது போடறது ஒண்ணும் புதுசில்லையே.