யாருக்கும் குடுக்காத அலைவரிசை

ஆறேகால் மணி. சாயங்காலம்தான். ஆனா மலையில, சின்னக்கானல்ல மஞ்சு, அதான் மூடுபனி, இறங்கிட்டா ஆறேகாலும் ஒண்ணு, நடுச்சாமமும் ஒண்ணு... யூகாலி மரத்துக்கு நடுவுல ஏறுற எஸ்டேட் ரோடு. முன்னாடி வீடு இல்ல. பின்னாடி வண்டி இல்ல. ஒரே ஒரு ஜீப்பு நிக்குது.

மெழுகுவத்தியக் கொஞ்சம் இங்கிட்டுத் தள்ளுங்க. ம்... சொல்றேன்.

நம்மகூட ரிசார்ட்ல வேலை பாத்த வினோ இருக்காள்ல, அவளோட பெரியம்மா மக தமிழ்ப்ரியா. பாலக்காட்டுக்குக் கிழக்க, கொழிஞ்சாம்பாறைப் பக்கம். காலேஜுல ஆன்டெனா ஆராய்ச்சி பண்ணிக்கிட்டிருந்தா. ஃபோனுக்குள்ள இருக்குமே, அது. இவ செஞ்சது தீப்பெட்டி அளவு தகடு. அதுல நாலு குட்டி சுவிட்ச். எதைத் தட்டுறமோ அந்த அலைவரிசைக்கு அது மாறிக்கும். நாலு ஆன்டெனா வேலைய ஒண்ணே பாக்கும். முதல் ரெண்டும் ஃபோன் டவருக்கு. நாலாவது வைஃபைக்கு. மூணாவது மட்டும்... இதுவரைக்கும் யாருக்கும் குடுக்காத அலைவரிசை. இனிமே வரப்போற ஃபோனுக்குன்னு வச்சது. அதுல பேச ஆளே கிடையாது.

அவளுக்கு ஒருத்தர் மேலயும் நம்பிக்கை இல்ல. ஏன்னா ஆறு மாசத்துக்கு முன்னாடி அவ வரைஞ்ச முதல் டிசைன் லேப்ல இருந்து வெளிய போயிருச்சு. வேற எவனோ அவன் பேருல போட்டுக்கிட்டான். ரெண்டு வருஷ உழைப்பு. லேப் சாவி ரெண்டே பேருகிட்டதான். ஒண்ணு இவகிட்ட. இன்னொண்ணு கூடப் படிக்கிற மலையாளத்துப் பையன் சிஜுகிட்ட... அன்னைக்கு அந்த ஜீப்ப ஏற்பாடு பண்ணிக் குடுத்ததும் அவன்தான்.

டவர் தொந்தரவு இல்லாத இடத்துல அளக்கணும்னு வந்தா. டிரைவர் பாண்டி, "ஒண்ணுக்குப் போயிட்டு வந்துர்றேன் மேடம்"னு மஞ்சுக்குள்ள போனாரு. இவ ஜீப்பு பானட்டு மேல அந்தத் தகட்ட மாட்டுன மீட்டர வச்சு மூணாவது சுவிட்சத் தட்டுனா.

எண்பத்தொம்பது.

அப்படின்னா ஒண்ணுமில்லைன்னு அர்த்தம். எண் குறையக் குறைய எதோ கிட்ட வருதுன்னு அர்த்தம்.

எண்பத்திரெண்டு... கொஞ்சம் நின்னுச்சு. எழுபத்தஞ்சு... நின்னுச்சு. அறுபத்தொம்பது. ஆளு ஒவ்வொரு அடியா எடுத்து வைக்கிற மாதிரி.

எஞ்சின் ஆறுற சத்தம் மட்டும் டிக்... டிக்குனு கேட்டுக்கிட்டு இருந்துச்சு. அதுவும் நின்னுபோச்சு. நனைஞ்ச கம்பளி வாடை ஒண்ணு வந்துச்சு.

இருபத்தொண்ணு.

கையெட்டுற தூரம். ரோட்டுல ஆளே இல்ல.

திரும்புனா, பாண்டி மஞ்சுக்குள்ள இருந்து வாராரு. "ஏனுங்ணா, இவ்வளவு நேரம் எங்க போனீங்க?"

"சொல்லிட்டுத்தான போனேன் மேடம்."

அவரு நடந்து பக்கத்துல வந்தும் எண் மாறல. வண்டிய எடுத்தாங்க. கேப் ரோட்டு இறக்கம் பூரா மடியில மீட்டர வச்சுக்கிட்டே வந்தா. வளைவு வளைவா இறங்குறாங்க... இருபத்தொண்ணு. அசையவே இல்ல. ஜீப்புக்குள்ளதான் வேவு பாக்குற கருவி எதையோ ஒளிச்சு வச்சிருக்காங்கன்னு முடிவு பண்ணிட்டா. தேவிகுளத்துல ஒரு சாயாக்கடை வெளிச்சத்துல நிப்பாட்டி, சீட்ட எல்லாம் கழட்டச் சொன்னா. பாண்டியோட சட்டைப் பையைக்கூட விடல.

"சிஜு சாரு ஃபோன்ல வண்டிக்குச் சொன்னதோட சரி தாயி. எம் மக வயசு உனக்கு... நல்லாருக்கா இது?"

ஒண்ணும் கிடைக்கல. அவரே சீட்டையெல்லாம் திரும்ப மாட்டிட்டு வண்டிய எடுத்தாரு.

மறுநாள். பகல் பதினொரு மணி. அவங்க லேப்ல ஒரு இரும்பு ரூம் உண்டு. சுவரு பூராவும் நீலக் கூம்புப் பஞ்சு. கதவச் சாத்திட்டா வெளிய இருந்து ஒரு அலையும் உள்ள போகாது. சிஜுவோட ஃபோன், வாட்ச்சு எல்லாத்தையும் வெளிய வைக்கச் சொல்லி, அவனையும் கூட்டிக்கிட்டு உள்ள போனா. கதவச் சாத்துனா. மூணாவதத் தட்டுனா.

இருபத்தொண்ணு.

"வெளிய போ."

"சேச்சி, என்னையவா சந்தேகப்படறீங்க?"

போனான். கதவு சாத்தியாச்சு. இவ தனியா... இருபத்தொண்ணு.

அவன் கையில மீட்டரக் குடுத்துத் திரும்ப உள்ள உட்கார வச்சு, எண்ணைச் சத்தமா வாசிக்கச் சொல்லிட்டு இவ வெளிய வந்தா. கதவுல காத வச்சா குரல் மெல்லமாத்தான் கேக்கும்.

"எண்பத்தொம்பது, சேச்சி."

அப்ப சிஜுகிட்ட ஒண்ணுமில்ல. இவகிட்டதான்... பையெல்லாம் தடவிப் பாத்தா. துப்பட்டாவ உதறுனா. ஒண்ணுமே இல்ல. அவன சந்தேகப்பட்டமேன்னு அழுகை வந்துருச்சு. மன்னிப்புக் கேக்கலாம்னு வாயத் தொறக்குறா, உள்ள இருந்து குரல்.

"எண்பத்திரெண்டு... சேச்சி, உள்ள வர்றீங்களா?"

இவ வெளியதான் நிக்கிறா. கதவு சாத்தித்தான் இருக்கு.

"எழுபத்தஞ்சு... அறுபத்தொம்பது..."

கைப்பிடிய முறுக்குனா. பதட்டத்துல வழுக்குது. உள்ள நிதானமா எண்ணிக்கிட்டே போகுது. அம்பத்தெட்டு... நாப்பத்தாறு... முப்பத்துமூணு... இருபத்தொண்ணு.

தொறந்துட்டா. சிஜு மூலையில பஞ்சோட பஞ்சா ஒட்டிக் கிடந்தான். கையப் புடிச்சு இழுத்துட்டு வந்தா. "சிஜு, எதுக்குடா கடைசிவரைக்கும் வாசிச்சுக்கிட்டு இருந்த? ஓடி வரவேண்டியதுதான?"

அவன் இவ மூஞ்சியவே பாத்தான்.

"நான் அறுபத்தொம்பதுலயே நிறுத்திட்டேன் சேச்சி... அதுக்கப்புறம் எண்ணுனது நீங்கதானே?"