கீழத்தெருக் கிணற்றில் பாசி மறைந்தது குறித்து

பெயர் சங்கரலிங்கம், வயது 54, தகப்பனார் பெயர் தனுஷ்கோடி, கதவு எண் 41, கீழத்தெரு, இராஜபாளையம். தொழில்: கல்லூரியில் வேதியியல் விரிவுரையாளர். 07.10.1996 காலை 11 மணிக்கு காவல் நிலையத்தில் ஆஜராகி நானாகக் கூறியது:

எங்கள் தெருப் பொதுக்கிணற்றில் பாசி படிந்திருந்ததால் அதைப் புழங்குவதற்கு மட்டுமே பயன்படுத்தி வந்தோம். குடிக்கக் குழாய்த் தண்ணீர், ஐந்து நாளைக்கு ஒரு முறை. சென்ற ஆடியில் கிணற்றுக்கு வடக்கே அறுபதடியில், பேண்டேஜ் துணி வெளுக்கும் பட்டறை ஒன்று திறக்கப்பட்டது. காஸ்டிக் சோடா கலந்த கழிவு நீரை அங்கே மண்குழியில் விடுகிறார்கள். அதே மாதம், நகர்மன்றத் தேர்தலில் எங்கள் வார்டில் நிற்கும் பால்ச்சாமி என்பவர் கிணற்றைத் தூர் வாரினார். அதன் பின்னர் ஆவணியில் பாசி மறைந்தது, தவளைகள் செத்து மிதந்தன, தண்ணீர் தெளிந்தது. தாம் தூர் வாரியதால்தான் தெளிந்தது, இனிக் குடிக்கலாம் என்று சொல்லி பால்ச்சாமி வீடு வீடாக வாக்குக் கேட்டார். தூர் வாரிய கிணற்றில் தவளை ஏன் சாக வேண்டும் என்று ஒருவரும் கேட்கவில்லை.

05.10.1996 சனிக்கிழமை காலை எட்டு மணியளவில் அவர் கிணற்றடியில் பேசிக்கொண்டிருந்தபோது, நான் ஒரு செம்பில் தண்ணீர் இறைத்து, சிவப்பு லிட்மஸ் தாளை நனைத்து, அது நீலமாவதை, அதாவது தண்ணீரில் காஸ்டிக் காரம் கலந்திருப்பதை, அனைவருக்கும் காட்டினேன்.

“சார்வாள், எலக்சன் வந்தா ஆளுகளே நெறம் மாறுதாக, காயிதம் மாறுனா என்ன?” என்றார் பால்ச்சாமி. எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு மறுப்பாகாது என்று விளக்க எனக்குப் பொறுமை இருக்கவில்லை. “அப்ப நீங்களே குடிச்சுக் காட்டுங்க” என்றேன். புரட்டாசிச் சனிக்கிழமை, ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துத் திருவண்ணாமலைக்குப் போய்ப் பெருமாளைச் சேவிக்கும்வரை பல்லில் பச்சைத் தண்ணீர் படக்கூடாது என்றார்.

அப்போது அப்பட்டறையில் துணி மடிக்கும் முத்தாத்தாள், வயது 36, முன்னே வந்து, “அண்ணாச்சிதான விரதம், எனக்கென்ன? நாங்க வெளுக்குற துணியத்தான் ஆசுபத்திரியில புண்ணுல வச்சுக் கட்டுதாக. புண்ணுக்கு ஆகுறது வயித்துக்கு ஆகாதாக்கும்?” என்று கேட்டு, என் கையிலிருந்த செம்பை வாங்கினார். நான் விடாமல் பிடித்திருக்கலாம். முதல் மிடறிலேயே துப்பிவிடுவார் என்று நினைத்து விட்டுவிட்டேன். அவர் முழுவதும் குடித்து, முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

“பாத்துக்கிடுங்க, நல்லாத்தான நிக்கா!” என்று பால்ச்சாமி கூவினார். அதன் பின்னர் பெண்கள் குடங்களுடன் வரிசையில் நின்றார்கள்.

பத்தரை மணிக்கு முத்தாத்தாள் இரத்தமாக வாந்தியெடுத்து, ஸ்ரீவில்லிபுத்தூர் அரசு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். என் தாளில் விஷம் இருந்தது, அது பட்ட செம்புத் தண்ணீர் மட்டுமே கெட்டது, கிணறு கெடவில்லை என்று பால்ச்சாமி அன்று மாலை என்மீது புகார் கொடுத்தார். மற்றவர்கள் வாந்தி எடுக்கவில்லை என்பதே அவர் காட்டும் சான்று. அவர்கள் சோற்றோடு அரை டம்ளர் குடித்தவர்கள், முத்தாத்தாள் வெறும் வயிற்றில் ஒரு செம்பு குடித்தவர் என்பதையும், தெருவில் பாதிப் பேருக்கு இப்போது வாய் வெந்திருப்பதையும் அவர் சொல்வதில்லை. லிட்மஸ் தாள் தண்ணீரை நஞ்சாக்காது. என் குற்றம் வேறு. ஒருவர் குடிப்பதோ மறுப்பதோ தண்ணீரைப் பற்றி எதையும் நிரூபிக்காது. இருபத்தொன்பது ஆண்டுகளாகப் பாடம் நடத்தும் நான், சவாலைச் சோதனை என்று தெருவில் வைத்தேன்.

இன்று காலை ஏழு மணிக்கு மருத்துவமனைக்குச் சென்றேன். முத்தாத்தாளுக்குப் பேச்சு வரவில்லை. அவர் கணவர் இருளப்பசாமி தூக்குவாளியிலிருந்து டம்ளரில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். எங்கே பிடித்தது என்று கேட்டேன்.

“நம்ம கெணத்துத் தண்ணிதான் சார். டாக்டரு தொண்டைய நனைக்கச் சொன்னாகன்னு அண்ணாச்சி குடுத்துவிட்டாக. நேத்தும் ரெண்டு டம்ளர் குடிச்சாளே.”

வாளியைத் தட்டிவிட்டேன். அவர் என் சட்டையைப் பிடித்தார். தட்டியது உண்மை.

அதன் பின்னர் இங்கு வந்து, கிணற்றை உடனே மூடுமாறு கேட்டேன். வாக்குப்பதிவு நெருங்கும்போது மூடினால் ஒரு தரப்புக்குச் சாதகமாகும் என்று சார்பு ஆய்வாளர் கூறினார். இவ்வேண்டுகோள் வழக்குக்குத் தொடர்பற்றது, வாக்குமூலத்திலிருந்து நீக்கிவிடலாம் என்றும் கூறினார். நீக்கினால் கையெழுத்திட மாட்டேன் என்றேன். நீக்கப்படவில்லை.

எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே உள்ளது, யாவும் உண்மை. நேரம் பகல் 12.50. கிணற்றில் இன்னும் வாளி இறங்கிக்கொண்டிருக்கிறது.

(ஒப்பம்) த. சங்கரலிங்கம்